ஊர் ஊராகத் திருத்திய பாட்டுகள்

'எடல்வைஸ்' ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்புறப் பாட்டு என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அது அந்த நாட்டின் தேசிய கீதம் என்று அடித்துச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே இல்லை. 1959-இல், 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' மேடை நாடகம் நியூயார்க்குக்குப் போகும் முன் பாஸ்டனில் வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது சேர்த்த பாட்டு அது. நாமெல்லாம் பார்த்த திரைப்படம் வர அப்போது இன்னும் ஆறு வருடம் இருந்தது. கேப்டன் வேடம் போட்ட தியடோர் பிக்கல், நாட்டுப்புறப் பாட்டுகளுக்குப் பேர்போனவர், கிதார் வாசிப்பவர். அப்படி ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரை விட்டே ஓடப்போகிற அந்த மனிதனுக்குத் தன் மண்ணிடம் விடைபெற ஒரு பாட்டுக்கூடக் கொடுக்கவில்லையே என்று பட்டிருக்கிறது. ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வரிகள் எழுத, ரிச்சர்ட் ராஜர்ஸ் மெட்டமைத்தார். ஹாமர்ஸ்டைனுக்கு அப்போதே வயிற்றில் புற்றுநோய். அதற்குப்பின் அவர் பாட்டு எழுதவில்லை. 1960 ஆகஸ்டில் இறந்துபோனார்.

நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் இசை நாடகங்கள் மேல் எனக்குப் பைத்தியம் முற்றியதற்கு இந்த மாதிரிக் கதைகள்தான் காரணம். அந்த நாடகங்களில் முக்கால்வாசியை நான் மேடையில் பார்த்ததே இல்லை. கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நாடகம் அரங்கேறியதும் அதே நடிகர்களை வைத்து மொத்தப் பாட்டுகளையும் பதிவுசெய்து வெளியிடுவது அங்கே வழக்கம். 1943-இல் 'ஓக்லஹோமா!' பாட்டுகள் அப்படி வந்து சக்கைப்போடு போட்டதிலிருந்து அது நிலைத்துவிட்டது. என்னைப் போன்ற தூரத்து ரசிகர்களுக்கு அந்தப் பதிவும், கூட வரும் கதைச்சுருக்கமும்தான் நாடகம். திரை எப்போது எழுகிறது, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எந்த வரிக்குச் சிரிப்பு விழும் என்பதையெல்லாம் நாமே மனசுக்குள் ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். காதால் மட்டும் கேட்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பாட்டு எங்கே நாடகத்தைத் தாங்குகிறது, எங்கே சும்மா அழகாக நிற்கிறது என்பது அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். கண்ணை ஏமாற்ற அங்கே ஜிகினா எதுவும் இல்லை.

வெள்ளோட்டம் என்றேன். இன்று அது பெரும்பாலும் மாறிவிட்டது. பட்டறைகள், வாசிப்புகள், லாப நோக்கில்லாத அரங்குகள் என்று வேறு வழிகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் நியூ ஹேவன், பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன், டெட்ராய்ட் என்று ஊர் ஊராகப் போய் வாரக்கணக்கில் நாடகத்தைப் போடுவார்கள். டிக்கெட் வாங்கி வந்த ஜனம் எங்கே கொட்டாவி விடுகிறது, எங்கே இருமுகிறது என்று கடைசி வரிசையில் நின்று கவனிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஹோட்டல் அறையில் கூட்டம். விடிவதற்குள் பாட்டு எழுதியாக வேண்டும். பகலில் நடிகர்கள் புதுப் பாட்டைப் பழகுவார்கள், இரவில் பழைய பாட்டையே பாடுவார்கள், எது எங்கே என்று தலை சுற்றும். என் மனசுக்கு ரொம்பப் பிடித்த பாட்டுகளை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படி ஓட்டை அடைக்க வந்தவை. மலையுச்சியில் உட்கார்ந்து உள்ளம் பொங்கி எழுதியவை ரொம்பக் கம்மி.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீபன் சோண்ட்ஹைமின் 'எ ஃபன்னி திங் ஹாப்பன்டு ஆன் த வே டு த ஃபோரம்'. 1962. பழைய ரோமாபுரியை வைத்து எழுதிய பச்சையான கோமாளிக் கூத்து. முதன்முதலாக சோண்ட்ஹைம் வரி, மெட்டு இரண்டையும் தானே செய்து பிராட்வேக்குக் கொண்டுபோன நாடகம். வெள்ளோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வசனம் பிரமாதம், நடிகர்கள் பிரமாதம், அரங்கத்தில் மயான அமைதி. இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸை வரவழைத்தார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: ஆரம்பப் பாட்டு தப்பு. முதலில் இருந்தது காதலைப் பற்றிய மென்மையான, இனிமையான பாட்டு. அதைக் கேட்டவர்கள் ஏதோ நாசூக்கான நாடகம் வரப்போகிறது என்று கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். இது கூத்து, சிரிக்க வந்திருக்கிறீர்கள் என்று முதல் மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள் என்றார் ராபின்ஸ். சோண்ட்ஹைம் 'காமெடி டுநைட்' எழுதினார். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, அதே நாடகம் அதன்பின் 964 ஆட்டம் ஓடியது.

இதில் ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனசு வரவில்லை. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், 1953-இல், ராபின்ஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பெயர்களைச் சொன்னவர். அதில் ஒன்று, இந்த நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ஜாக் கில்ஃபோர்டின் மனைவியுடைய பெயர். கதாநாயகன் ஜீரோ மாஸ்டலே கறுப்புப் பட்டியலில் கிடந்து பிழைப்பை இழந்தவர். ராபின்ஸைக் கூப்பிடலாமா என்று மாஸ்டலிடம் கேட்டபோது, நாங்கள் இடதுசாரிகள், யாரையும் தள்ளி வைப்பதில்லை என்கிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லாதவரை சரி என்றாராம். 'காமெடி டுநைட்' பதிவில் மாஸ்டல் குரல் துள்ளுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சோண்ட்ஹைம் தன் பாட்டுகளைப் பற்றியே ஈவிரக்கமில்லாமல் பேசுவார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் மரியா பாடும் 'ஐ ஃபீல் ப்ரெட்டி' உலகத்துக்கே பிடிக்கும், எழுதியவருக்குப் பிடிக்காது. மரியா போர்ட்டோ ரிக்கோவிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சின்னப் பெண். அவள் வாயில் அடிக்கு அடி உள்ளெதுகை போட்டு விளையாடும் வரிகளை வைத்துவிட்டார் இருபத்தேழு வயசு சோண்ட்ஹைம். ஒத்திகை பார்க்க வந்த இன்னொரு பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். உடனே வரிகளை எளிமையாக்கித் திருப்பி எழுதிக் கொடுத்தார் சோண்ட்ஹைம். கூட வேலை பார்த்த யாரும் மாற்றத்துக்குச் சம்மதிக்கவில்லை. சாகும்வரை அந்தப் பாட்டைக் கேட்டால் கூசுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது என்பது அவருக்குப் போதவில்லை, அந்தப் பெண் இதைச் சொல்வாளா என்பதுதான் கேள்வி.

அந்தக் குறையைக் கண்டுபிடித்த ஹார்னிக்தான் பிற்பாடு 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' எழுதினார், ஜெர்ரி பாக் இசையில். எனக்கு ஒரே ஒரு நாடகத்தை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். ஷோலம் அலைக்கம் எழுதிய கதைகளிலிருந்து வந்தது. ரஷ்யாவில் ஒரு யூத கிராமம், 1905 வாக்கில். பால்காரர் டெவ்யாவுக்குக் கல்யாண வயசில் பெண்கள். தரகர் பார்த்த மாப்பிள்ளையை மூத்தவள் வேண்டாம் என்கிறாள், அடுத்தவள் புரட்சிக்காரன் பின்னால் போகிறாள், மூன்றாமவள் மதம் விட்டுக் கட்டிக்கொள்கிறாள். அமெரிக்காவில் இதை நியூயார்க் யூதர்களைத் தவிர யார் பார்ப்பார்கள் என்று பயந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 3,242 ஆட்டம் ஓடியது.

இயக்க வந்தவர் மறுபடி ராபின்ஸ். ஒத்திகைக்கே முன்னால், கூட்டத்துக்குக் கூட்டம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்: இந்த நாடகம் எதைப் பற்றியது? பால்காரனையும் அவன் பெண்களையும் பற்றியது என்று பதில் வரும். அது இல்லை, எதைப் பற்றியது என்பார். மறுபடி, மறுபடி. கடைசியில் பொறுமை இழந்த யாரோ ஒருவர், ஒரு வாழ்க்கைமுறை கண்ணெதிரே கரைந்து போவதைப் பற்றியது, மரபைப் பற்றியது என்று கத்த, அப்படியானால் அதைப் பாட்டாக எழுதுங்கள், அதில்தான் நாடகம் தொடங்க வேண்டும் என்றாராம். அதுவரை தொடக்கத்தில் இருந்தது, ஓய்வுநாள் விருந்துக்குத் தாயும் பெண்களும் பரபரக்கும் ஒரு வீட்டுப் பாட்டு. அதைத் தூக்கிவிட்டு 'ட்ரெடிஷன்' வந்தது. அப்பா, அம்மா, மகன், மகள் என்று ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி மெட்டில் தன் கடமையைப் பாடி, கடைசியில் எல்லா மெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இனி வரப்போகும் மூன்று மணி நேரத்தில் என்னென்ன உடையப்போகிறதோ அத்தனையும் முழுசாக அந்தப் பாட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் என் பாட்டு அது இல்லை. 1964 கோடையில் டெட்ராய்டில் வெள்ளோட்டம். அங்கே செய்தித்தாள் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் உள்ளூர் விமர்சனமே வரவில்லை. வெரைட்டி பத்திரிகை மட்டும் எழுதியது, அதுவும் சுமார்தான் என்று. அந்த நாட்களில் ஹார்னிக் எழுதியது 'டூ யூ லவ் மீ?' இரண்டாவது பெண் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டாள், அவர்களுக்குள் காதலாம் என்று மனைவி கோல்டேயிடம் சொல்ல வருகிறார் டெவ்யா. சொன்னவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். உனக்கு என்மேல் அன்பு உண்டா என்று மனைவியிடம் கேட்கிறார். கல்யாணத்தன்றுதான் ஒருவரை ஒருவர் முதலில் பார்த்தவர்கள். இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, போய்ப் படு என்கிறாள் அவள். திரும்பக் கேட்கிறார். சமைத்தது, துவைத்தது, பிள்ளை பெற்றது, மாட்டைக் கறந்தது என்று கணக்கு ஒப்பிக்கிறாள். அதைக் கேட்கவில்லை என்கிறார்.

இந்தப் பாட்டில் உரக்கப் பாட இடமே இல்லை. மெட்டு பேச்சை விட்டு ஓர் அங்குலம்கூட உயராது. கோல்டேயாக நடித்த மரியா கார்னிலோவா பாலே நடனத்திலிருந்து வந்தவர். குரலில் சொகுசு கிடையாது, சமையலறையிலிருந்து வரும் குரல். அது எவ்வளவு பொருத்தம்! இந்த உரையாடல் நடக்காமலேயே முடிந்துபோன எத்தனையோ வீடுகள் நமக்குத் தெரியும். என் தாத்தாவும் பாட்டியும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "ஏய், இங்க வா", அவ்வளவுதான். பாட்டி போனபின் தாத்தா வெந்நீர் சூடு போதவில்லை என்று யார் வைத்தாலும் சண்டை போட்டார். அதை எழுத ஹார்னிக் வரவில்லை. எந்த மொழியில் எழுதினாலும் இப்படித்தான் எழுத முடியும் என்று இந்தப் பாட்டைக் கேட்கும்போது தோன்றும்.

சரி, ஹாமர்ஸ்டைனிடம் திரும்புவோம். சோண்ட்ஹைமுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. பெற்றோர் பிரிந்தபின் பையன் பாதி வளர்ந்ததே ஹாமர்ஸ்டைன் வீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் எழுதிய நாடகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பதினைந்து வயசுப் பையனிடம், நான் படித்ததிலேயே மோசம் இதுதான் என்று சொல்லிவிட்டு, ஏன் மோசம் என்று ஒரு முழு மத்தியானம் வரி வரியாக விளக்கியவர். அந்த ஒரு மத்தியானத்தில் மற்றவர்கள் வாழ்நாளில் கற்பதைக் கற்றேன் என்று சோண்ட்ஹைம் சொல்வார். 1959-இல் 'ஜிப்சி' வந்தபோதும் இந்தப் பாடம் தொடர்ந்தது. அதில் மெட்டும் தானே போட வேண்டும் என்று சோண்ட்ஹைமுக்கு ஆசை. கதாநாயகி எதல் மெர்மன் புதுப் பையனின் இசையை நம்பத் தயாராக இல்லை, ஜூல் ஸ்டைன் வந்தார். விலகிவிட இருந்த சோண்ட்ஹைமை, ஒரு நட்சத்திரத்துக்கு எழுதிப் பழகு, ஆறு மாசம்தானே என்று தடுத்தவரும் ஹாமர்ஸ்டைன்தான்.

அந்த நாடகத்தின் உச்சம் 'ரோஸஸ் டர்ன்'. மகள்களை மேடையேற்றவே வாழ்ந்த தாய், காலி மேடையில் தனியாக நின்று உடைந்து கொட்டுகிறாள். பைத்தியம் பிடிக்கும் நிலையில் இருப்பவளின் பாட்டுக்குக் கைதட்டல் வாங்கும் முடிவு வைப்பது பொய் என்று சோண்ட்ஹைம் நினைத்தார். பாட்டு கரைந்து அடுத்த காட்சிக்குள் போய்விடும்படி வைத்திருந்தார். பிலடெல்பியாவில் வெள்ளோட்டம் பார்த்த ஹாமர்ஸ்டைன் சொன்னதன் சாரம் இது: ஜனம் கைதட்டக் காத்துக்கொண்டிருக்கிறது. தட்டவிடவில்லை என்றால் அடுத்து வரும் காட்சியை அவர்கள் கேட்க மாட்டார்கள். அந்தக் காட்சி கேட்க வேண்டும் என்றால், பாட்டுக்கு முடிவு வையுங்கள். வைத்தார்கள். என்ன மனுஷன் பாருங்கள், உண்மைக்கும் கைதட்டலுக்கும் நடுவே இப்படி ஒரு கணக்குப் போடலாம் என்று எனக்கெல்லாம் தோன்றியே இருக்காது.

நடிகரை வைத்து எழுதுவதில் சோண்ட்ஹைம் தொட்ட உயரம் 'சென்ட் இன் த கிளவுன்ஸ்'. 1973, 'எ லிட்டில் நைட் மியூசிக்'. அவர் எழுதியதில் சந்தையில் பெரிதாக ஓடிய ஒரே பாட்டு என்று சொல்லலாம். ஜூடி காலின்ஸ் பாடி, 1976-இல் கிராமி வரை போனது. நாடகத்தில் அது ஒத்திகை பாதி தாண்டியபின் வந்தது. பழைய காதலனைத் திரும்பக் கேட்டு, கிடைக்காமல் நிற்கும் ஒரு நடிகையின் காட்சி. அந்தக் காட்சி ஆணுடையது, பாட வேண்டியவன் அவன் என்றுதான் சோண்ட்ஹைம் நினைத்திருந்தார். இயக்குநர் ஹால் பிரின்ஸ் காட்சியைப் பெண் பக்கம் திருப்பி அமைத்து, வந்து பார் என்று கூப்பிட்டார். நடிகை கிளினிஸ் ஜான்ஸ். வெள்ளி மணி மாதிரிக் குரல், ஆனால் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க மூச்சு நிற்காது. அதனால் வரிகளைத் துண்டு துண்டாக, கேள்வி கேள்வியாக எழுதினார். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே மூச்சு வாங்க இடம். இப்போது கேட்டால் அந்த இடைவெளிகளெல்லாம் ஒருத்தி அழுகையை அடக்குகிற இடைவெளிகள். பெரிய பெரிய குரல்வளம் உள்ளவர்கள் அதை இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. கிளினிஸ் ஜான்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நாம் சினிமாவில் போடும் சண்டை அங்கேயும் உண்டு. ராஜர்ஸ் ஒருவரே இரண்டு விதமாகவும் வேலை செய்தவர். லோரன்ஸ் ஹார்ட்டோடு இருந்தவரை மெட்டு முந்தி. ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்தபின் பெரும்பாலும் வரி முந்தி. 'ஓக்லஹோமா!'வின் முதல் பாட்டுக்கு ஹாமர்ஸ்டைன் வாரக்கணக்கில் வரிகளோடு மல்லுக்கட்ட, ராஜர்ஸ் சில நிமிடங்களில் மெட்டுப் போட்டுவிட்டார் என்பார்கள். எது முந்தி என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. காட்சி முந்தியா என்பதுதான் விஷயம்.

ஏ.ஆர். ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' பதிவைக் கேட்கும்போது எனக்கு உறுத்துவது அங்கேதான். 2002-இல் லண்டனில் அரங்கேறி இரண்டு வருடம் ஓடியது. 2004-இல் பிராட்வே போய் 2005 புத்தாண்டன்று முடிந்தது. லண்டனில் தயாரித்தவர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர், ஆங்கில வரிகள் டான் பிளாக். நம்மவர் பெயர் அந்த அரங்க வாசலில் இருந்ததில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் 'ஷக்கலக்க பேபி'யும், நாம் 'தய்ய தய்யா' என்று கேட்ட அந்த ரயில் பாட்டும் ஏற்கெனவே வேறு காட்சிகளுக்குப் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆனவை. இங்கே விருந்தாளியாக வந்து ஆடிவிட்டுப் போகின்றன. அரங்கம் அதிர்ந்திருக்கும், சந்தேகமே இல்லை. கதை அந்த நேரத்துக்கு வெளியே நின்று காத்திருக்கும். நாடகத்துக்கென்றே வந்த 'த ஜர்னி ஹோம்' வரும்போதுதான் மேடையில் ஒரு மனிதன் நிற்பது காதுக்குத் தெரிகிறது. அந்த மாதிரி இன்னும் நான்கைந்து பாட்டுக்கு ரஹ்மானை ஒரு ஹோட்டல் அறையில் பூட்டி வைத்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

திருத்த ஆளே இல்லாமல் போனதும் உண்டு. ஜொனாத்தன் லார்சன் நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே வருடக்கணக்கில் 'ரென்ட்' எழுதினார். 1996 ஜனவரி 25 அதிகாலை, முதல் முன்னோட்டக் காட்சிக்கு இருந்த நாளில், மகாதமனி கிழிந்து இறந்தார். வயசு 35. அந்த முன்னோட்டங்களில் ஜனங்கள் முன்னால் நாடகம் எப்படி நிற்கிறது என்பதை அவர் பார்க்கவே இல்லை. முன்னோட்ட வாரங்களில் வெட்டுவதும் மாற்றுவதும்தான் வேலையே. மிச்சமிருந்தவர்கள் பெரிதாகக் கை வைக்காமல் விட்டார்கள். இரண்டாம் பாதி கொஞ்சம் அலைகிறது என்று குறை சொல்கிறவர்களோடு நானும் ஒத்துப்போவேன். அவர் இருந்திருந்தால் எதைத் தூக்கியிருப்பார் என்று யோசித்து யோசித்து, பிறகு விட்டுவிடுவேன். 5,123 ஆட்டம் ஓடியது.

கடைசியாக 'மெரிலி வீ ரோல் அலாங்'. 1981. மூன்று நண்பர்களின் கதை பின்னாலிருந்து முன்னால் ஓடும். கசந்துபோன நடுவயசில் தொடங்கி, கனவு காணும் இளமையில் முடியும். சோண்ட்ஹைமும் பிரின்ஸும் செலவை நினைத்து இந்த முறை வெளியூர் வெள்ளோட்டம் வேண்டாம், நியூயார்க்கிலேயே முன்னோட்டம் போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். ஊரே பார்க்கத் திருத்த வேண்டியதாயிற்று. முன்னோட்டத்துக்கு நடுவிலேயே கதாநாயகன் மாறினார், நடன அமைப்பாளர் மாறினார், ஜனங்கள் பாதியில் எழுந்து போவது ஊர்ப்பேச்சானது. முறைப்படி திறந்து 16 ஆட்டத்தில் இழுத்து மூடினார்கள். மூடிய மறுநாள் அந்த இளம் நடிகர்கள் பதிவரங்கத்துக்குப் போய் எல்லாப் பாட்டையும் பாடினார்கள். தோற்ற நாடகத்தின் சாயல் அந்தப் பதிவில் துளியும் இல்லை. நாடகம் ஏன் ஓடவில்லை என்று அதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குப் புரியவே புரியாது.

அதன்பின் சோண்ட்ஹைமும் கதாசிரியர் ஜார்ஜ் ஃபர்த்தும் பத்து வருடத்துக்கு மேல் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்கள். பாட்டுகள் போயின, வந்தன. 2023-இல், சோண்ட்ஹைம் இறந்து இரண்டு வருடம் கழித்து, திருத்திய வடிவம் பிராட்வேயில் அரங்கு நிறைந்து ஓடி, மறு வருடம் சிறந்த மறுஅரங்கேற்றத்துக்கான டோனி விருதையும் வாங்கியது. எல்லோரும் இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பழைய வடிவம் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் பாடும் 'த ஹில்ஸ் ஆஃப் டுமாரோ'வில் தொடங்கும். நாடகத்தில் பிற்பாடு வரும் முக்கியமான மெட்டுகளுக்கு விதை அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. திருத்தும்போது அதைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியது தப்பு என்பது என் கட்சி. சோண்ட்ஹைமே எதிரில் வந்து உட்கார்ந்து விளக்கினாலும் நான் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.